உங்கள் போருக்கு எத்தனை எச்.பி. மோட்டார் சரி? கல்லணைக் கால்வாய்ப் பகுதி விவசாயிகளுக்கு ஒரு கணக்கு

மோட்டார் வாங்கப் போகும் விவசாயி கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி. போடலாம்?" கடைக்காரர் திருப்பிக் கேட்பது, "போர் எத்தனை அடி?" அதற்கு அடுத்தது, "பக்கத்து வயல்ல என்ன போட்டிருக்காங்க?" பெரும்பாலான வியாபாரம் இந்த மூன்று கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது. பக்கத்து வயலில் ஏழரை என்றால் இங்கே பத்து. போர் 300 அடி என்றால் 300 அடிக்கு ஏற்றும் மோட்டார்.

இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுகூட மோட்டாரின் அளவைத் தீர்மானிக்காது. உங்கள் பயிருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், உங்கள் போர் எவ்வளவு தரும், அந்தத் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கும். மூன்றையும் நீங்களே அளந்துவிடலாம். ஒரு 200 லிட்டர் டிரம், கைபேசியில் உள்ள ஸ்டாப் வாட்ச், ஒரு நூல் கயிறு போதும்.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகள் காவிரியின் பழைய டெல்டாவைச் சேர்ந்தவை அல்ல. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபோது, அதே திட்டத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற புதிய டெல்டா இது. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். கும்பகோணம் பக்கத்து வண்டல் களிமண் போல நம் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. செம்மணலும் மணல் கலந்த வண்டலும் அதிகம், கட்டிய தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். அதனால் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போதும், மேட்டூர் தாமதமாகத் திறக்கும் ஆண்டுகளிலும் போர் இல்லாமல் நெல்லைக் காப்பாற்ற முடிவதில்லை. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய அணை 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும் அக்டோபரிலேயே மூட வேண்டி வந்தது. இரண்டு ஆண்டுகளிலும் மோட்டார்தான் ஆறாக ஓடியது.

இன்னொரு விஷயமும் உண்டு. கோயம்புத்தூர், சேலம் பக்கத்துப் போர்கள் கடும் பாறையில் துளைத்தவை. பாறை வெடிப்பில் கசியும் தண்ணீரைத்தான் அங்கே எடுக்கிறார்கள். வல்லம் முதல் ஒரத்தநாடு வழியாகத் தெற்கே பரவியிருக்கும் நம் நிலத்தடியில் இருப்பது மணற்கல்லும் மணல் அடுக்குகளும். அதனால் போர் முழுக்க கேசிங் பைப் இறக்கி, தண்ணீர் வரும் மணல் அடுக்குக்கு நேராக பில்டர் பைப் வைக்கிறோம். பாறைப் போரில் பெரிய மோட்டார் போட்டால் தண்ணீர் வற்றும், அவ்வளவுதான். நம் போரில் பெரிய மோட்டார் போட்டால் தண்ணீரோடு மணலும் வரும். அது முதலில் இம்பெல்லரைத் தின்னும், பிறகு போரையே தூர்த்துவிடும். மோட்டார் கெட்டால் ரீவைண்டிங் செய்யலாம், ஆனால் தூர்ந்த போருக்குப் பக்கத்தில் புதுப் போர்தான் போட வேண்டும்.

முதல் கணக்கு: பயிருக்கு எவ்வளவு தண்ணீர்?

ஒரு ஏக்கர் வயலில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 4,050 லிட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான்.

3 ஏக்கர், அதாவது நம் கணக்கில் சுமார் 9 மா நெல் வயல் என்று வைத்துக்கொள்வோம். இலை வழியாக ஆவியாவதும் மண்ணில் இறங்குவதும் சேர்ந்து நம் மண்ணில் ஒரு நாளைக்கு 10 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். களிப்பான மண் என்றால் இதைவிடக் குறையும், வெறும் மணல் என்றால் கூடும். உங்கள் வயலில் ஒரு குச்சி நட்டு, மடையையெல்லாம் அடைத்து, மழை இல்லாத இரண்டு நாளில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் உங்களுக்கான எண் கிடைத்துவிடும்.

10 மில்லிமீட்டர் என்றால் 3 ஏக்கருக்கு ஒரு நாளைக்கு சுமார் 1,21,000 லிட்டர். நம்பிக்கையாக மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் 6 மணி நேரம் ஓட்டுவதாக வைத்தால் மணிக்கு 20,000 லிட்டருக்குச் சற்று மேல். நொடிக்கு 5.6 லிட்டர், நிமிடத்துக்கு 336 லிட்டர். தேவையான இறைப்பு இவ்வளவுதான்.

இதை வேறு விதமாகவும் சரிபார்க்கலாம். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். நொடிக்கு 5.6 லிட்டர் என்றால் 10 மணி நேரம் ஆகும். மூன்று ஏக்கருக்கும் 30 மணி நேரம், நாளுக்கு 6 மணி நேரம் வீதம் ஐந்து நாள். நாளுக்கு 10 மில்லிமீட்டர் குறையும் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஐந்து நாள் நிற்கும். கடைசி வயலுக்குக் கட்டி முடிக்கும்போது முதல் வயலில் தண்ணீர் மறையத் தொடங்கும். 'நீர் மறைய நீர் கட்டுதல்' என்று நாங்கள் பயிற்சிகளில் சொல்லும் முறைக்கு இந்த அளவு சரியாகப் பொருந்துகிறது. துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, மண்ணுக்குக் கீழே தண்ணீர் 15 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகு கட்டுபவர்களுக்கு இன்னும் நாள் மிச்சமாகும். ஆனால் பூக்கும் தருணத்தில் மட்டும் அப்படிக் காயவிட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். "சேறடிக்கும்போது இந்தத் தண்ணீர் காணாதே?" உண்மைதான். காய்ந்த வயலை ஊறவைத்துச் சேறடிக்க 200 மில்லிமீட்டர் வரை பிடிக்கும், ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். இதே மோட்டாரில் 40 மணி நேரம். மூன்று ஏக்கரையும் ஒரே வாரத்தில் சேறடித்து நட வேண்டும் என்று நினைத்தால் மூன்று மடங்கு பெரிய மோட்டாரும், அதற்கு ஈடுகொடுக்கும் போரும் வேண்டும். அந்த ஒரு வார வேலைக்காக வருடம் முழுவதும் பெரிய மோட்டாரைக் கட்டி மேய்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்றங்காலை ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் பிரித்து விட்டு, ஏக்கர் ஏக்கராகச் சேறடியுங்கள். கோடை மழை கிடைத்தவுடன் புழுதி உழவு போட்டுவிட்டால் ஊறவைக்கும் தண்ணீரும் குறையும்.

தென்னைக்கு வந்தால் கணக்கே வேறு. கஜா புயலில் 2018 நவம்பரில் சாய்ந்த தோப்புகளில் மறுபடி நட்ட கன்றுகள் இப்போது வளர்ந்து நிற்கின்றன. கோடையில் சொட்டுநீரில் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் போதும். இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், 3 ஏக்கருக்கு 210 மரம். மொத்தம் நாளுக்கு 13,650 லிட்டர்தான். நெல்லுக்கு வேண்டியதில் ஒன்பதில் ஒரு பங்கு. மூன்று மணி நேரத்தில் பாய்ச்சுவதானாலும் நொடிக்கு 1.3 லிட்டருக்குள் முடிந்துவிடும். நெல்லுக்கு வாங்கிய மோட்டாரையே தென்னைச் சொட்டுநீருக்குத் திருப்பிவிட்டு, "லைன் பைப் பிடுங்கிக்கிட்டுப் போகுது" என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு ஊர்த் தோட்டத்தில் சிறிய நீச்சல் குளம் கட்ட நினைப்பவர்களும் எங்களிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வழிதான். 50,000 லிட்டர் குளத்தின் தண்ணீர் முழுவதும் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை பில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும் என்றால் நொடிக்கு 1.7 லிட்டர். தலை உயரம் 10 மீட்டர் அளவுதான் என்பதால் முக்கால் எச்.பி. தாராளம். அங்கேயும் பெரிய பம்பு போட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, பில்டரில் அழுக்கு தங்காமல் தப்பிவிடும். நம் ஊரில் பிள்ளைகளுக்கு மோட்டார் கொட்டகைத் தொட்டியே போதும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது கணக்கு: போர் எவ்வளவு தரும்?

இதுதான் பலரும் அளக்காமல் விடும் இடம். போர் போட்டவுடன் கம்ப்ரசர் வைத்து ஊதும்போது பீறிட்டு அடிக்கும் தண்ணீரைப் பார்த்து, "மூணு இன்ச் தண்ணி" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது காற்றழுத்தம் தள்ளிய தண்ணீர். தொடர்ந்து ஆறு மணி நேரம் எடுத்தால் போர் எவ்வளவு கொடுக்கும் என்பதை அது சொல்லாது.

வாடகைக்கோ, தெரிந்தவரிடம் இரவலாகவோ ஒரு மோட்டாரை இறக்கி, குறைந்தது நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மோட்டார் இறக்கும்போதே டெலிவரி பைப்போடு சேர்த்து அரை இன்ச் பி.வி.சி. குழாய் ஒன்றையும் கட்டி இறக்கிவிடுங்கள். அதன் வழியாக, நுனியில் சின்ன எடை கட்டிய நூலை விட்டால் தண்ணீர் மட்டத்தை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். கேசிங் பைப்புக்குள் நேராகக் கயிறு விட்டால் கேபிளில் சிக்கும்.

ஓட்டுவதற்கு முன்னால் மட்டம் எவ்வளவு, ஓடும்போது மணிக்கு ஒருமுறை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 36 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 5.6 லிட்டர். நம் எடுத்துக்காட்டில், ஓட்டுவதற்கு முன் 60 அடியில் இருந்த தண்ணீர் நொடிக்கு 5.6 லிட்டர் எடுக்கும்போது 85 அடிக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஓரிடத்தில் நிலைத்து நின்றால்தான் போர் அந்த அளவைத் தாங்குகிறது என்று பொருள். நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே போனால், அந்த அளவு உங்கள் போருக்கு அதிகம்.

கூடவே ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து அடியில் மணல் தங்குகிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் சில நிமிடங்கள் கொஞ்சம் வரலாம். ஒரு மணி நேரம் கழித்தும் வந்தால் வால்வைக் கொஞ்சம் மூடி, எந்த அளவில் மணல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்றாலும் அந்தப் போருக்கு மேல் எல்லை அதுதான். பில்டர் பைப்பின் துளைகள் வழியாகத் தண்ணீர் நொடிக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் வேகமாக நுழையக் கூடாது என்பது குழாய்க் கிணறு அமைப்பவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. அதற்கு மேல் போனால் தண்ணீர் தன்னோடு மணலை இழுத்துவரத் தொடங்கும்.

அளக்கும் மாதமும் முக்கியம். புது ஆற்றில் தண்ணீர் ஓடும்போதும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் எல்லாப் போரிலும் மட்டம் மேலே வந்துவிடும். அப்போது அளந்து வாங்கிய மோட்டார் வைகாசியில் காற்றைக் குடிக்கும். மேட்டூர் திறப்பதற்கு முன், கோடைக் கடைசியில் அளப்பதே சரியான அளவு.

மூன்றாவது கணக்கு: எவ்வளவு உயரம்?

போரின் ஆழத்துக்கும் மோட்டாரின் 'ஹெட்'டுக்கும் சம்பந்தம் இல்லை. 300 அடி போரில் தண்ணீர் 85 அடியில் நின்றால், மோட்டார் தூக்க வேண்டியது 85 அடியிலிருந்துதான். மோட்டாரை 115 அடியில் இறக்கினாலும் சரி, 200 அடியில் இறக்கினாலும் சரி, வெளியே நிற்கும் தண்ணீரே உள்ளே அதே மட்டம் வரை ஏறி நிற்கும். கூடுதல் ஆழத்தால் கூடுவது பைப்பின் உராய்வும் கேபிள் செலவும்தான்.

எடுத்துக்காட்டைத் தொடர்வோம். ஓடும்போது தண்ணீர் மட்டம் 85 அடி, அதாவது 26 மீட்டர். தரைக்கு மேல் தண்ணீர் விழும் இடம் 1 மீட்டர். மோட்டார் 115 அடியில், அங்கிருந்து தரை வரை டெலிவரி பைப் 35 மீட்டர். தரையிலிருந்து கடைசி வயல் வரை 400 அடி பைப், சுமார் 120 மீட்டர். மொத்தம் 155 மீட்டர் பைப்பில் தண்ணீர் உரசிக்கொண்டு போக வேண்டும். இந்த உராய்வுக்கும் மோட்டார் வேலை செய்தாக வேண்டும், அதையும் மீட்டரில்தான் கணக்கிடுகிறோம்.

நொடிக்கு 5.6 லிட்டர் இந்த 155 மீட்டர் பைப்பில் போகும்போது, பைப்பின் உள்விட்டம் இரண்டு இன்ச் என்றால் உராய்வு இழப்பு சுமார் 21 மீட்டர். இரண்டரை இன்ச் என்றால் 7 மீட்டர். மூன்று இன்ச் என்றால் சுமார் 3 மீட்டர். அரை இன்ச் வித்தியாசத்தில் 14 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரம் மிச்சம். ஒன்றரை இன்ச் பைப்பில் இதே தண்ணீரை அனுப்பப் பார்த்தால் இழப்பு 75 மீட்டரைத் தாண்டும். போரிலிருந்து தண்ணீரைத் தூக்குவதைவிட மூன்று மடங்கு வேலை பைப்புக்குள்ளேயே போய்விடும்.

இரண்டரை இன்ச் பைப் போட்டால், 26-உம் 1-உம் 7-உம், பெண்டு, வால்வுகளுக்கு 2-உம் சேர்த்து மொத்தம் 36 மீட்டர். இரண்டு இன்ச் போட்டால் 50 மீட்டர்.

இப்போது எச்.பி.

நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை மொத்த மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால், தண்ணீரைத் தூக்க மட்டும் தேவைப்படும் எச்.பி. கிடைக்கும். எந்தப் பம்பும் கொடுத்த சக்தி முழுவதையும் தண்ணீராகத் திருப்பித் தருவதில்லை. ஆறு இன்ச் நீர்மூழ்கிப் பம்பு நன்றாக இருந்தால் 60 சதவீதம் தரும். அதனால் 75-க்குப் பதில் 45-ஆல் வகுத்துவிடுங்கள், பம்பின் இழப்பும் அதில் அடங்கிவிடும். குறுகிய கேசிங் பைப்புக்கான நான்கு இன்ச் பம்புகளுக்குத் திறன் இன்னும் குறைவு. அவற்றுக்கு 37-ஆல் வகுக்கலாம்.

இரண்டரை இன்ச் பைப்: 5.6 x 36 = 202, அதை 45-ஆல் வகுத்தால் 4.5. எனவே 5 எச்.பி. மோட்டார்.

இரண்டு இன்ச் பைப்: 5.6 x 50 = 280, அதை 45-ஆல் வகுத்தால் 6.2. எனவே ஏழரை எச்.பி. மோட்டார்.

அதே போர், அதே வயல், அதே தண்ணீர். மோட்டார் மட்டும் ஒரு படி கூடிவிட்டது. பைப்பில் மிச்சம் பிடித்த பணத்தை மோட்டாரிலும் கேபிளிலும் ஸ்டார்ட்டரிலும் கொடுக்கிறோம்.

தென்னைத் தோப்புக்குப் போட்டுப் பார்த்தால், குறைவாக எடுப்பதால் போர் மட்டம் 20 மீட்டரில் நின்றுவிடும். தரைக்கு மேல் 1, சொட்டுநீர் அழுத்தத்துக்கும் பில்டருக்கும் லைன் பைப்புக்கும் சேர்த்து 25, ஆக 46 மீட்டர். 1.3 x 46 = 60, அதை 37-ஆல் வகுத்தால் 1.6. மூன்று ஏக்கர் தோப்புக்கு 2 எச்.பி. போதும்.

கடையில் ஏமாறும் இடம்

ஐந்து எச்.பி. என்று எழுதிய இரண்டு மோட்டார்கள் ஒரே மோட்டார் அல்ல. ஒன்றில் 8 ஸ்டேஜ் இருக்கும், இன்னொன்றில் 20 ஸ்டேஜ் இருக்கும். ஸ்டேஜ் குறைவானது குறைந்த உயரத்துக்கு நிறையத் தண்ணீர் தரும். அதிகமானது நிறைய உயரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் தரும். எச்.பி. சரியாக இருந்து ஸ்டேஜ் தவறினாலும் முழுப் பணமும் வீண்தான்.

விளம்பரத் தாளில் 'அதிகபட்ச ஹெட் 80 மீட்டர், அதிகபட்சத் தண்ணீர் நிமிடத்துக்கு 500 லிட்டர்' என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. 80 மீட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. 500 லிட்டர் வரும்போது உயரமே இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது ஒவ்வொரு மீட்டருக்கும் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் அட்டவணையை. ஒரு துண்டுச் சீட்டில் '36 மீட்டர், நிமிடத்துக்கு 336 லிட்டர்' என்று எழுதிக்கொண்டு போங்கள். 36 மீட்டருக்குக் கீழே உள்ள எண் 336-க்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். அந்த அட்டவணையைக் காட்டாத கடையில் நான் மோட்டார் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மார்கழியில் உங்கள் போரில் மட்டம் ஏறி, மொத்த உயரம் 27 மீட்டராகக் குறையலாம். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் பலகையில் எழுதியிருக்கும் ஹெட் அளவு 24 முதல் 42 மீட்டர் என்பது போல இரண்டு காலத்தையும் உள்ளடக்கியிருப்பது நல்லது. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று 60 முதல் 100 மீட்டருக்கான மோட்டாரை வாங்கி 30 மீட்டரில் ஓட்டினால், அது தன் அளவுக்கு மேல் தண்ணீரை அள்ளும், ஆம்பியர் ஏறும், காயில் சூடாகும். "புது மோட்டார், ஆறு மாசத்துல காயில் போயிடுச்சு" என்ற புகார்களில் வோல்டேஜைக் குறை சொல்வதற்கு முன் இந்த அளவைப் பார்ப்பது என் வழக்கம்.

நீர்மூழ்கி மோட்டாருக்கு ஐ.எஸ். 8034, திறந்த கிணறு நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 14220, தரைமட்ட மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திர முத்திரையில் ஐந்து நட்சத்திரம் இருந்தால் திறன் கூடுதல். மின்சாரம் இலவசம்தானே என்று அதை ஒதுக்க வேண்டாம். திறன் கூடிய பம்பு என்றால் அதே தண்ணீருக்குச் சிறிய மோட்டார் போதும்.

மோட்டாரை பில்டர் பைப்புக்கு நேராக நிறுத்தக் கூடாது. துளை இல்லாத கேசிங் பைப் உள்ள இடத்தில், பில்டருக்கு மேலே நிறுத்துங்கள். கோடையில் ஓடும் மட்டத்துக்குக் கீழே குறைந்தது 10 அடி தண்ணீர் மோட்டாருக்கு மேல் நிற்க வேண்டும். போர் போட்டவரிடம் எந்த அடியில் பில்டர் வைத்தார் என்ற விவரத்தை எழுதி வாங்கி, பட்டா வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தத் தாள் இல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பத்து எச்.பி. போட்டால் என்னதான் ஆகும்?

இதே போரில் 10 எச்.பி. மோட்டார் நொடிக்கு 10 லிட்டர் இழுக்கப் பார்த்தால், 25 அடி இறங்கிய மட்டம் 45 அடியோ அதற்கு மேலோ இறங்கும். பில்டரில் தண்ணீர் நுழையும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மணல் வரும். தண்ணீர் மோட்டார் வரை இறங்கினால் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும்.

பாதிப்பு உங்கள் வயலோடு நிற்காது. நமக்குக் கீழே இருப்பது ஒரே மணல் அடுக்கு. உங்கள் போரைச் சுற்றி மட்டம் புனல் போலக் குழிந்தால், பக்கத்து வயலில் 80 அடியில் மோட்டார் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் எட்டாது. அவர் கடன் வாங்கி 10 எச்.பி. போட்டு 150 அடிக்கு இறக்குவார். அடுத்த கோடையில் உங்களுக்கு எட்டாது. இப்படியே ஒரு வாய்க்கால் ஓரம் முழுவதும் எல்லோருக்கும் பெரிய மோட்டாரும் குறைந்த தண்ணீருமாக முடிந்த இடங்கள் உண்டு. கடைசியில் நிற்க முடியாமல் போவது ஒரு ஏக்கரும் பழைய போரும் வைத்திருப்பவர்தான்.

மின்வாரியம் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த எச்.பி.க்கு மேல் வைப்பது விதிமீறல். அதோடு, ஒரே டிரான்ஸ்பார்மரில் நான்கு பேர் அப்படிச் செய்தால் வோல்டேஜ் இறங்கி எல்லோருடைய மோட்டாரும் சூடாகும். அளவை மாற்ற வேண்டுமானால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். மும்முனை மோட்டாரை இருமுனை மின்சாரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். கதிர் வரும் தருணத்தில் காயில் எரிந்து, ரீவைண்டிங் கடையில் ஐந்து நாள் காத்திருந்தால் போகும் நெல்லுக்கு ஈடு கிடையாது.

ஏற்கெனவே பெரியதாகப் போட்டவர்களுக்கு

உடனே புது மோட்டார் வாங்க வேண்டியதில்லை. டெலிவரி பைப்பில் ஒரு கேட் வால்வு போட்டு, மணல் நிற்கும் அளவுக்கு மூடி ஓட்டுங்கள். ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மூடுங்கள், பலகையில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. முழுவதும் மூடி ஓட்டினால் தண்ணீர் உள்ளேயே கொதித்து மோட்டார் கெடும். அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது, நல்ல ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இரண்டு மூன்று ஸ்டேஜைக் குறைத்துக்கொள்ளலாம். அதுவரை ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயைப் பலகையில் உள்ள ஆம்பியருக்குச் சரியாக வையுங்கள். 'ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்கு' என்று அதை ஏற்றி வைப்பது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் கருவியும் சேர்த்துப் போட்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

சூரிய சக்தி மோட்டார் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 5 எச்.பி.க்கு 4,800 வாட் அளவு பேனல் தேவைப்படும். காலையிலும் மாலையிலும் தண்ணீர் குறைந்து நடுப்பகலில் கூடும் என்பதால், நொடிக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்காமல் ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை லிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். மானிய விவரங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம்.

வாய்க்கால், குட்டையிலிருந்து டீசல் இன்ஜினில் இறைப்பவர்கள், பம்பு தண்ணீர் மட்டத்திலிருந்து 20 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். எவ்வளவு பெரிய இன்ஜின் ஆனாலும் உறிஞ்சும் உயரம் அதற்கு மேல் கூடாது.

மேட்டூர் திறப்பதற்கு முந்தைய வாரத்தில் உங்கள் போரில் எடுத்த மூன்று அளவுகளை, அதாவது ஓட்டுமுன் மட்டம், ஓடும் மட்டம், டிரம் நிறைந்த நொடி ஆகியவற்றை, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். மோட்டார் மாற்றும் எண்ணத்தில் எங்களிடம் வரும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுவந்தால், ஸ்டேஜ் எத்தனை என்பதைப் பத்து நிமிடத்தில் சேர்ந்து பார்த்துவிடலாம்.